மணியடிப்பவன் கையைப் பிடித்திருந்தவள்

மேனி நாட்டைத் தேடி யாரும் கப்பலேற வேண்டியதில்லை. மணிக்கட்டில் மூன்று விரலை வைத்துக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால், அதன் ஆறு ஓடுவது தெரியும். சிவந்த ஆறு. கண்ணிமை வட்டம் முதல் கால்விரல் வட்டம் வரை, அந்த நாட்டு மக்களுக்குச் சோறும் காற்றும் ஆற்றோடுதான் வந்தன. ஆற்றின் கரையோ மிக மெல்லியது. நாள்தோறும் எங்காவது உடையும்.

உடைப்பை அடைப்பதற்கென்றே அங்கே ஒரு குடி இருந்தது. தட்டர் என்று பெயர். தட்டையான, சிறிய, அதிகம் பேசாத மக்கள். ஆற்றோடு போய்க்கொண்டே இருப்பார்கள். உடைப்பைக் கண்டால் பாய்ந்து போய் ஒருவர் மேல் ஒருவராகப் படுத்து அடைத்துவிடுவார்கள். அப்படிப் படுத்தவர்கள் பிறகு எழுந்து வருவதில்லை. படுக்க வாய்ப்பு வராதவர்களுக்கும் ஆயுள் பத்தே நாள்.

எலும்புக் கோட்டைகளுக்குள் மஜ்ஜைப் பள்ளத்தாக்கு என்று ஓர் இடம். தட்டர்களைப் பெறுகிற பெருந்தாய்மார் அங்கே இருந்தார்கள். மலை போன்ற உடம்பு அவர்களுக்கு. பெரும்பாலும் உறக்கம். மணி அடித்தால் விழித்து, தங்கள் நீண்ட விரல்களைக் கோட்டைச் சுவரின் துளை வழியே ஆற்றுக்குள் நீட்டுவார்கள். ஓடுகிற நீர் விரல் நுனிகளைக் கிள்ளிக்கொண்டு போகும். கிள்ளப்பட்ட ஒவ்வொரு துணுக்கும் ஒரு தட்டன்.

எத்தனை தட்டர் வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து கணக்குப் போட்டதில்லை. ஈரல்மலையில் இருந்தவர்கள் நாள்தோறும் ஒரே அளவில் ஓலை எழுதி ஆற்றில் விடுவார்கள். எல்லா ஓலையிலும் ஒரே வாசகம்தான்: ‘தட்டர் வேண்டும்.’ ஆற்றில் போகிற தட்டர்கள் ஆளுக்கொன்றாக எடுத்து விழுங்கிவிடுவார்கள். தட்டர் மிகுந்திருந்தால் ஓலைகள் வழியிலேயே தீர்ந்துபோகும். தட்டர் குறைந்தால், எடுக்க ஆளில்லாமல் மிஞ்சிப் பள்ளத்தாக்குக்கு வந்து சேரும். அதிகம் மிஞ்சினால் அதிகம் வேண்டும், கொஞ்சம் மிஞ்சினால் கொஞ்சம் போதும். அவ்வளவுதான். இந்த ஏற்பாட்டுக்கு ஒரு தலைவர் இல்லை, ஒரு முத்திரை இல்லை, ஒரு விழா இல்லை. பின்னால் வந்த வினையெல்லாம் அதனால்தான்.

பெருந்தாய் ஆலம்மையின் வாசலில் ஒரு வெண்கல மணி தொங்கியது. அதைச் சுத்தியலால் அடிப்பவன் முடுக்கன். அவன் வலக்கை பிறவியிலேயே ஓயாத கை. சும்மா விட்டால் அடித்துக்கொண்டே இருக்கும். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் அவன் மனைவி அமர்த்தியின் வேலை. ஓலை வந்தால் வாங்கிப் படிப்பாள். படித்துவிட்டுப் பிடியைத் தளர்த்துவாள். அவன் அடிப்பான். போதும் என்றதும் மறுபடி பிடித்துக்கொள்வாள். எல்லாப் பெருந்தாய்மார் வாசலிலும் இப்படி ஓர் இணை இருந்தது.

“இன்னைக்கு உன் பிடி ரொம்ப இறுக்கமா இருக்கு புள்ள,” என்பான் முடுக்கன்.

“உங்க கை துடிக்கிற துடிப்புக்கு இதுவே பத்தாது,” என்பாள் அமர்த்தி.

பல காலம் பிடித்திருந்ததில் அவளுக்கு அவன் மணிக்கட்டே அவன் முகம்போல ஆகிவிட்டது. கோபமா, பசியா, வெறும் அலுப்பா என்று அவன் வாய் திறக்கும் முன்பே அவள் விரல்களுக்குத் தெரிந்துவிடும்.

அந்த நாட்டின் காப்பு மந்திரியாக இருந்தவர் கூர்விழியார். வெண்காவல் படை முழுவதும் அவர் கையில் இருந்தது. கபாலக் கோட்டையில் இருந்த அரசர் அவர் சொல்வதை மட்டுமே கேட்பார். காய்ச்சல், சீழ் என்று வெளியெதிரிகள் வந்து போன காலத்தில் கூர்விழியார் நன்றாகவே வேலை செய்தார். ஆனால் சில காலமாக எல்லையில் எதிரி யாரும் தென்படவில்லை. மற்றவர்கள் நிம்மதியடைந்தார்கள். மந்திரிக்கு மட்டும் உறக்கம் போயிற்று. எதிரி வெளியே தென்படவில்லை என்றால் அவன் உள்ளே வந்துவிட்டான் என்றுதானே பொருள்?

அப்படியிருக்கும்போதுதான் ஈறு வட்டத்தில் ஒரு சிறு உடைப்பு ஏற்பட்டது. முந்தின நாள் முழங்காலில் பெரிய உடைப்பு ஒன்றை அடைத்ததில் தட்டர் குறைந்திருந்தார்கள். ஈறு அடைபடக் கொஞ்சம் நேரமாயிற்று. அடைபட்டும் விட்டது. ஈறு வட்டத்துக்காரர்கள் அதை மறந்தும் விட்டார்கள். ஆனால் மூன்றாம் நாள் கூர்விழியார் எழுத்தர் ஒருவரோடும் எட்டுக் காவலரோடும் ஆலம்மையின் வாசலில் வந்து நின்றார்.

“ஈரல்மலையில் நாளொன்றுக்கு இவ்வாசலின் பங்காக எழுதப்படும் ஓலைகள் பதினாயிரம்,” என்றார் மந்திரி. “இங்கே வந்து சேர்வன நூறு. எஞ்சிய ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரம் எங்கே?”

அமர்த்தி கணவன் கையை விடாமலே எழுந்து நின்றாள். “தட்டருங்க எடுத்துக்குவாங்க ஐயா. அது வழக்கந்தான்.”

“வழக்கம். அதாவது, நெடுங்காலமாக நடக்கிறது.”

“ஆமாங்க.”

“உனக்குத் தெரிந்தே நடக்கிறது.”

“எல்லாருக்கும் தெரியுமுங்களே.”

மந்திரி எழுத்தரைத் திரும்பிப் பார்த்தார். “எல்லாருக்கும் தெரியும் என்கிறாள். பரந்த சதி என்று எழுதிக்கொள்.”

அமர்த்தி விளக்கப் பார்த்தாள். அவர்கள் எடுப்பதால்தான் மிச்சம் என்று ஒன்று இருக்கிறது, அந்த மிச்சத்தைப் பார்த்துத்தான் இங்கே மணி அடிக்கிறது என்று நிதானமாகச் சொன்னாள். மந்திரி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். சொல்லி முடித்ததும், “களவு நடக்காவிட்டால் அரசு நடக்காது என்கிறாய்,” என்றார். எழுத்தர் அதையும் எழுதிக்கொண்டார்.

சான்றுக்காக ஆற்றிலிருந்து ஒரு தட்டனைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அவன் பெயர் சில்லன். பிறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அவர்கள் கணக்கில் பழுத்த கிழவன். வயிற்றை அழுத்திப் பார்த்ததில் உள்ளே ஓலை இருப்பது தெரிந்தது.

“எடுத்தாயா?”

“எடுத்தேனுங்க. ஆத்துல வந்துச்சு.”

“யாருக்கு எழுதிய ஓலை அது?”

சில்லன் யோசித்தான். “‘தட்டர் வேண்டும்’னு போட்டிருந்துச்சுங்க. நான் தட்டன். எனக்குத்தான்னு நெனச்சேன்.”

“யார் சொல்லி எடுத்தாய்?”

“யாரும் சொல்லலீங்க.”

“தலைவனைக் காட்டிக்கொடுக்க மறுக்கிறான்,” என்றார் மந்திரி. விசாரணை ஐந்து நாளைக்கு ஒத்திவைக்கப்பட்டது. மறுநாளே சில்லனுக்கு ஆயுள் முடிந்தது. குற்றம் வெளிப்படும் என்று அஞ்சி உயிரை விட்டான் என்று அரசிதழ் எழுதியது.

அந்த வாரமே வாய்ப்பூட்டு ஆணை பிறந்தது. ஓலை எடுக்க முடியாதபடி ஒவ்வொரு தட்டனுக்கும் வாயில் பூட்டு மாட்டப்பட்டது. ஓலைகள் இனி ஒன்றுகூடக் குறையாமல் பள்ளத்தாக்குக்கு வந்து சேரும் என்று மந்திரி அறிவித்தார். வந்து சேர்ந்தன. ஆலம்மையின் வாசலில் காலையில் முழங்கால் உயரத்துக்குக் கிடந்த ஓலை, உச்சி வெயிலுக்குள் இடுப்பு உயரத்துக்கு ஏறிவிட்டது.

அமர்த்தி படித்தாள், விட்டாள். படித்தாள், விட்டாள். முடுக்கனுக்கோ கொண்டாட்டம். இத்தனை நாள் கட்டிவைத்திருந்த கைக்கு இப்போதுதான் வயிறார வேலை. “பார்த்தியா புள்ள, நாட்டுக்கு நம்மளோட தேவை எவ்வளவு இருந்திருக்கு! எல்லாத்தையும் வழியிலேயே முழுங்கிப்புட்டானுங்க,” என்றான்.

நான்காம் நாள் உள்ளேயிருந்து ஆலம்மை முனகினாள். “என்னடி இது, விரலெல்லாம் தேஞ்சு போச்சு. வெளியில அவ்வளவு உடைப்பா?”

அமர்த்தி சுவர்த் துளையில் கண்ணை வைத்துப் பார்த்தாள். உடைப்பு ஒன்றும் தெரியவில்லை. ஆறு முழுக்கத் தட்டர். தோளோடு தோள் இடித்துக்கொண்டு, வாய்ப்பூட்டோடு, எங்கே போவதென்று தெரியாமல் மிதந்து போனார்கள். அவர்களுக்கு இடையில் தண்ணீரைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. அவர்களுக்கு நடுவே இன்னும் பத்தாயிரம் ஓலைகள், ‘தட்டர் வேண்டும், தட்டர் வேண்டும்’ என்றபடி வந்துகொண்டிருந்தன.

அவள் திரும்பி வந்து கணவனின் கையைப் பிடித்தாள். அடுத்த ஓலையைப் படித்தாள். பிடியைத் தளர்த்தவில்லை.

“விடு புள்ள. ஓலை வந்திருக்குல்ல?”

“வந்திருக்கு. விடமாட்டேன்.”

“அரசாங்க ஓலை அது.”

“வெளியில நிக்க இடமில்லைங்க. இதுக்கு மேல பெத்தா ஆறே நின்னுடும். வந்து துளையில பாருங்க.”

முடுக்கன் பார்க்க வரவில்லை. “அதை முடிவு பண்ண நீ யாரு?” என்று கேட்டான். அவன் அப்படிக் கேட்டது அதுவே முதல் தடவை. பிறகு வேறெங்கோ பார்த்துக்கொண்டு, “உனக்கு யாராச்சும் சொல்லிக் குடுத்தாங்களா?” என்றான்.

“என்ன சொல்லிக் குடுத்தாங்க?”

“இல்ல, மந்திரி ஏதோ சதின்னு சொன்னாரு. நீயும் எல்லாருக்கும் தெரியும்னு சொன்னே. எனக்கு ஒண்ணும் தெரியாதே.”

அவள் விரலுக்கடியில் அவன் நாடி வேறு மாதிரி ஓடியது. கோபம் இல்லை, பசி இல்லை. அவளுக்குப் பழக்கமில்லாத ஓட்டம். தன் பக்கத்தில் இருப்பவள் யார் என்று அளந்து பார்க்கிறவனின் நாடி அது என்று பிடிபட அவளுக்கு இரண்டு நாள் ஆயிற்று.

அவள் நூறு ஓலைக்கு ஒரு தடவை மட்டும் கையை விட்டாள். பள்ளத்தாக்கின் மற்ற வாசல்களிலெல்லாம் மணி கணகணவென்று கேட்க, ஆலம்மை வாசல் மட்டும் அமைதியாக இருந்தது. அந்த நாட்டில் அப்போது அமைதியைப் போலச் சந்தேகத்துக்குரியது வேறொன்றும் இல்லை. ஆறாம் நாள் கூர்விழியார் மறுபடி வந்தார். அமர்த்தியிடம் ஒன்றும் கேட்கவில்லை. முடுக்கனைத்தான் கேட்டார்.

“உம் மனைவி உமது கையைப் பிடிக்கிறாளா?”

“பிடிக்கிறாளுங்க ஐயா. அவ வேலையே அதுதானுங்க.”

“ஓலை வந்த பிறகுமா?”

முடுக்கன் மனைவியைப் பார்க்கவில்லை. ஓலைக் குவியலைப் பார்த்தான். “ஆமாங்க,” என்றான்.

மந்திரி வெற்றிப் புன்னகை எதுவும் செய்யவில்லை. வருத்தத்தோடுதான் பேசினார். “எழுத்தரே, இந்தப் பணியிடத்தின் கடமை என்ன என்று ஏட்டில் பாரும்.”

எழுத்தர் புரட்டினார். “மணி அடிக்கப்படாமல் பார்த்துக்கொள்வது, ஐயா.”

“வேலை நடக்காமல் பார்த்துக்கொள்ள ஒரு வேலை! எத்தனை வாசல்களில்?”

“எல்லா வாசல்களிலும், ஐயா.”

“இத்தனை காலம் இந்த நாடு எப்படிப் பிழைத்தது என்று எனக்கு வியப்பாக இருக்கிறது,” என்றார் கூர்விழியார்.

பிடிப்பவர் பணியிடம் நாடெங்கும் ஒழிக்கப்பட்டது. அமர்த்தியின் விரல்களைக் காவலர் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்கள். இருவர் தேவைப்பட்டார்கள். கடைசி விரல் விடுபட்டதும் முடுக்கனின் கை துள்ளிப் போய் மணியில் விழுந்தது. பள்ளத்தாக்கின் கீழ்ப்பக்கத்தில் கொழுப்பர் குடியிருப்பு ஒன்று உண்டு. அங்கே யாருக்கும் வேலை கிடையாது. எல்லாரும் மஞ்சளாக, மெத்தென்று, ஒருவரையொருவர் சாய்ந்துகொண்டு கிடப்பார்கள். அமர்த்தியைக் கொண்டுபோய் அங்கே விட்டார்கள்.

அன்று தொடங்கிய மணி ஓயவில்லை. ஓலை வந்தாலும் அடித்தது, வராவிட்டாலும் அடித்தது. முதல் நாள் முடுக்கன் மகிழ்ந்தான். மூன்றாம் நாள் கையைத் தொடைக்கடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்து பார்த்தான். ஐந்தாம் நாள் தூணோடு சேர்த்துக் கட்டிப் பார்த்தான். தூண் ஆடியதே தவிர கை நிற்கவில்லை. சோற்றை இடக்கையால் அள்ளித் தின்றான். ஆலம்மை கண்ணை மூட முடியாமல், தேய்ந்த விரலை மேலும் மேலும் நீட்டிக்கொண்டிருந்தாள். கொழுப்பர் குடியிருப்பிலிருந்து அமர்த்திக்கு அந்த மணி கேட்டது. அவளுடைய வெறுங்கை அதன் தாளத்துக்குத் தானாக மூடி மூடித் திறந்தது. பக்கத்தில் கிடந்த கொழுப்பர் அதைக் கவனித்துவிட்டு, கொஞ்சம் தள்ளிப் போய்ச் சாய்ந்துகொண்டார்கள். சைகை காட்டுகிறாள் என்று அவர்களுக்குப் பட்டது.

ஆற்றில் தட்டர் நெரிந்தார்கள். வேலையில்லாமல் நெருக்கப்பட்டவர்கள் ஒருவரோடொருவர் ஒட்டிக்கொண்டார்கள். ஒட்டிய கும்பல் ஒன்று கால்விரல் வட்டத்துக்குப் போகும் ஓடையின் வாயில் சிக்கி நின்றது. ஓடை நின்றது. கால்விரல் வட்டம் முதலில் எரிந்தது, பிறகு நீலமானது, பிறகு கறுக்கத் தொடங்கியது. அங்கிருந்து வந்த தூதர்கள் மந்திரியவையில் நின்று அழுதார்கள்.

பிடிப்பவர்களைத் திரும்ப அழைத்திருந்தால் பத்து நாளில் எல்லாம் சரியாகியிருக்கும். ஆனால் அழைத்தால், அனுப்பியது தவறு என்று ஆகிவிடும். ஆகவே கூர்விழியார் வேறு விதமாகச் சிந்தித்தார். அவர் அவையில் சொன்னதை அரசிதழ் அப்படியே வெளியிட்டது:

“நாட்டின் எந்த மூலையில் உடைப்பு நேர்ந்தாலும், அங்கே போய்ப் பார்த்தால் தட்டர்கள் இருக்கிறார்கள். ஒரு முறையல்ல, ஒவ்வொரு முறையும். இப்போது ஓடை அடைபட்ட இடத்திலும் தட்டர்களே இருக்கிறார்கள். இதற்குமேல் சான்று வேண்டுமா? தவிர, இத்தனை பேர் நமது பெருந்தாய்மார் பெற்றவர்களாக இருக்க முடியாது. பெரும்பாலோர் ஊடுருவியவர்கள்.”

இதையொட்டி மக்கள் வாக்கும் எடுக்கப்பட்டது. ‘உடைப்பு வேண்டும்’, ‘உடைப்பு வேண்டாம்’ என்று இரண்டு பெட்டிகள். மக்கள் ஒருமனதாக வேண்டாம் என்றார்கள். தட்டர்கள்கூட அதே பெட்டியில்தான் போட்டார்கள். தட்டர்களின் மீது நடவடிக்கை எடுக்க நாடு முழு ஒப்புதல் அளித்திருப்பதாக அன்று மாலையே அறிவிப்பு வந்தது.

கவட்டை போல இரண்டாகப் பிரிந்த ஒரு முத்திரை செய்யப்பட்டது. உடைப்பின் அருகே காணப்பட்ட தட்டன் மேல் அதைக் குத்த வேண்டும். முத்திரை விழுந்தவன் மண்ணீரல் சோதனைச் சாவடியில் நிறுத்தப்படுவான். சாவடிக்குள் போனவர்கள் எந்த வழியாக வெளியே வருகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. யாரும் வெளியே வரவில்லை என்பதே காரணம். சாவடி நாளுக்கு நாள் வீங்கியது. பக்கத்திலிருந்த இரைப்பை வட்டத்தின் சுவரை இடித்துக்கொண்டு வளர்ந்தது. இரைப்பை வட்டத்துக்காரர்களுக்கு இரண்டு கவளத்துக்கு மேல் இறக்கிவைக்க இடமில்லாமல் போயிற்று.

தட்டர்களும் ஒன்றைப் புரிந்துகொண்டார்கள். உடைப்பின் அருகே போனால் முத்திரை. ஆகவே உடைப்பைக் கண்டால் அந்தப் பக்கமே பார்க்காமல், வேலையிருப்பவர்கள் போல விரைந்து கடந்தார்கள். ஈறு கசிந்தது. மூக்கு வட்டத்தில் மூன்று நாள் வெள்ளம். தோல் எல்லை நெடுகக் கத்திரிப்பூ நிறத்தில் புள்ளி புள்ளியாகக் கசிவு தோன்றியது. எல்லையில் மலர்ச்சி என்று அரசிதழ் எழுதியது. ஆற்றில் எங்கு பார்த்தாலும் தட்டர். அடைக்க மட்டும் ஒருவர் இல்லை.

மக்கள் இப்போது ஒருவரையொருவர் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. நின்றால் ஏன் நிற்கிறாய் என்றார்கள். ஓடினால் ஏன் ஓடுகிறாய் என்றார்கள்.

இந்த நேரத்தில்தான் வாய்வாசல் வழியாக வெளிநாட்டிலிருந்து ஒரு பொருள் வந்து இறங்கியது. வெள்ளை வெளேரென்று, வட்டமாக, மாத்திரை அளவில் இருந்தது. இரைப்பையில் அது கரைந்ததும் உள்ளேயிருந்து ஆயிரமாயிரம் கைகள் வெளிவந்தன. வெறும் கைகள். கண் இல்லை, காது இல்லை. அவை ஆற்றோடு பள்ளத்தாக்குக்கு வந்து, வாசலுக்கு ஒன்றாக, மணியடிப்பவர்களின் கையைப் பற்றிக்கொண்டன.

மணிகள் நின்றன. அந்த அமைதியில் பெருந்தாய்மார் அழுதுவிட்டார்கள்.

ஆலம்மையின் வாசலில் தோரணம் கட்டி விழா எடுத்தார்கள். கூர்விழியார் மேடையேறினார். “எத்தனையோ அரசுகள் இருந்திருக்கின்றன. மணியடிப்பவனின் கையைப் பிடிக்க ஒரு கை வேண்டும் என்ற எண்ணம் எவருக்காவது தோன்றியதா? இந்த அரசுக்குத்தான் தோன்றியது!” என்றார். மக்கள் கை தட்டினார்கள். தட்டாதவர்களைக் காவலர் குறித்துக்கொண்டார்கள்.

கூட்டத்தின் கடைசியில் அமர்த்தி நின்றாள். கொழுப்பர் குடியிருப்பில் எல்லாரையும் விழாவுக்கு ஓட்டி வந்திருந்தார்கள். அவள் மேடையைப் பார்க்கவில்லை, கணவனின் மணிக்கட்டைப் பார்த்தாள். வெளிநாட்டுக் கை அதைத் தவறான இடத்தில் பிடித்திருந்தது. வலிக்கும். அவன் முகத்தில் வலி தெரியவில்லை. இளைத்து, கண் உள்ளே போய், நிம்மதியாக அழுதுகொண்டிருந்தான்.

விழா முடிந்து பல நாள் ஆயிற்று. விடியல்தோறும் பழைய கைகளின் பிடி தளரும்; மணி ஓரிரு அடி அடிப்பதற்குள் புது வட்டம் ஒன்று இறங்கிப் புதுக் கைகள் வந்துவிடும். இருந்த தட்டர்களில் பாதிப்பேர் ஆயுள் முடிந்து போனார்கள், மீதியில் பெரும்பாலோர் சாவடிக்குள் போனார்கள். வாய்ப்பூட்டு செய்ய இரும்பு தீர்ந்ததால் அந்த ஆணையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மிஞ்சியிருந்த சொற்பத் தட்டர்கள் பழையபடி ஓலையை விழுங்கினார்கள். எடுத்தது போக மிச்சம் பள்ளத்தாக்குக்கு வந்தது. ஓலைகள் மறுபடி உண்மை பேசத் தொடங்கியிருந்தன. கேட்கத்தான் ஆளில்லை.

ஒரு முற்பகலில் முழங்காலில் கரை பிளந்தது. சிறு உடைப்பல்ல. ஆறு அந்தப் பக்கமாகச் சாய்ந்து ஓடும் சத்தம் பள்ளத்தாக்கு வரை கேட்டது. ஆலம்மையின் வாசலில் ஓலைகள் குவிந்தன. வெளிநாட்டுக் கை அசையவில்லை. அதற்குப் படிக்கத் தெரியாது.

கொழுப்பர் குடியிருப்பிலிருந்து அமர்த்தி எழுந்து நடந்தாள். வழியில் ஒரு காவலன், “எங்கே?” என்றான். “வேலைக்கு,” என்றாள். வேலை என்ற சொல்லை அந்தக் குடியிருப்பில் கேட்டிராத அவன் திகைத்து நின்றான். அதற்குள் அவள் வாசலை அடைந்துவிட்டாள்.

முடுக்கன் அவளைக் கண்டதும் எழப் பார்த்தான். வெளிநாட்டுக் கை விடவில்லை. “புள்ள, ஓலையைப் படி. நிஜமா பொய்யான்னு எனக்குத் தெரியல.”

அவள் நான்கைந்தை எடுத்துப் பார்த்தாள். துளையில் கண்ணை வைத்து ஆற்றையும் பார்த்தாள். தண்ணீர்தான் தெரிந்தது, தட்டர் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போனார்கள். “நிஜந்தாங்க. ஆளே இல்லை.”

“நான் அடிக்கணும். இது விடமாட்டேங்குது. நாளைக்குக் காலையிலதான் இதோட பிடி தளரும். உடனே புதுசு ஒண்ணு வந்துடும்.” அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். “அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. நீ வந்து பாருன்னப்ப வந்து பார்த்திருக்கணும்.”

“அதை அப்புறம் பேசிக்கலாம்,” என்றாள் அமர்த்தி. “எங்க, அந்தச் சுத்தியலைக் குடுங்க.”

அவன் கையிலிருந்து சுத்தியலை வாங்கிக்கொண்டாள். வாழ்நாளில் அவள் அதைத் தொட்டதில்லை. தூக்கியபோது நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. முதல் அடி மணியின் விளிம்பில் பட்டுச் சறுக்கியது. இரண்டாவது சரியாக விழுந்தது. பிறகு ஓலையைப் படிப்பாள், ஆற்றைப் பார்ப்பாள், ஓர் அடி அடிப்பாள். மறுபடி படிப்பாள். வேகமில்லை. உள்ளே ஆலம்மை புரண்டாள். “அடிக்கிறது யாருடி? அவன் அடி மாதிரி இல்லையே,” என்றாள். ஆனால் விரலை நீட்டினாள்.

மற்ற வாசல்களில் அந்த ஓசையைக் கேட்டார்கள். ஒழிக்கப்பட்ட பிடிப்பவர்கள் பலர் அக்கம்பக்கத்திலேயே இருந்தார்கள். சற்று நேரத்தில் பள்ளத்தாக்கின் தென்கோடியிலிருந்து ஒரு மணி பதில் போல அடித்தது. பிறகு இன்னொன்று. புதிய தட்டர்கள் ஆற்றில் இறங்கினார்கள். முத்திரை, சாவடி எதுவும் அறியாதவர்கள். ஆகவே உடைப்பை நோக்கி நேராகப் போனார்கள். அன்று மாலைக்குள் முழங்கால் அடைபட்டது.

அரசு விசாரணை ஆணையம் அமைத்தது. அனுமதியின்றி மணி அடித்தது யார்? முடுக்கனை விசாரித்தார்கள்; அவன் கை அரசின் கையாலேயே பிடிக்கப்பட்டிருந்தது. வெளிநாட்டுக் கையை விசாரித்தார்கள். அதற்கு வாய் இல்லை. அமர்த்தி தானே முன்வந்து, “நான்தான் அடிச்சேன்,” என்றாள்.

ஆணையத் தலைவர் ஏட்டைப் புரட்டினார். வெகுநேரம் படித்தார். பிறகு தீர்ப்பு சொன்னார்: “மணி அடிக்கவிடாமல் தடுப்பவள் என்பதே இவள் மீது அரசு நிறுவிய குற்றம். இவள் மணி அடித்தாள் என்று ஏற்றுக்கொண்டால் அக்குற்றம் பொய்யாகும். அரசு பொய் சொல்வதில்லை. ஆகவே இவள் மணி அடிக்கவில்லை.”

அவளை விட்டுவிட்டார்கள். போகும்போது ஒரு காவலன் அவள் விரல்களை ஒரு தடவை மோந்து பார்த்தான், வெண்கல வாசம் வீசுகிறதா என்று.

மேனி நாட்டில் இன்றும் ஒவ்வொரு விடியலிலும் வாய்வாசல் வழியாக வெள்ளை வட்டம் ஒன்று வந்து இறங்குகிறது. வெளிநாட்டுக் கைகள் மணியடிப்பவர்களைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கின்றன. கூர்விழியார் மந்திரியாகத்தான் இருக்கிறார். மணியோ, வேண்டியபோது வேண்டிய அளவுக்கு அடிக்கிறது. அடிப்பது யார் என்று அரசுக்கு இதுவரை தெரியாது. அந்நாட்டு மக்களுக்குத் தெரியும். ஆனால் நீங்கள் போய்க் கேட்டால் சொல்லமாட்டார்கள். உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள். அப்புறம், “யாரு சொல்லி வந்து கேக்கிறீங்க?” என்பார்கள்.